மானை வயலுக்கு அழைப்பது எது? காட்டோர விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

பெரம்பலூர் மாவட்டத்தில் காப்புக்காட்டை ஒட்டி எனக்கு மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் ஒரு ஏக்கர் முழுக்க மாட்டுத் தீவனம். வெண்பாவூர்ப் பக்கத்துக் காடுகளில் புள்ளிமான் அதிகம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். என்னிடம் புல் கரணை வாங்க வருகிறவர்கள் புல்லைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டால் மானைப் பற்றி நான்கு கேள்வி கேட்கிறார்கள். அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களையும் சேர்த்திருக்கிறேன்.

எங்கள் வயலுக்கு வருவது எந்த மான்? எல்லாமே ஒரே மான்தானா?

இல்லை. சமவெளிக் காட்டோரத்தில் வயலுக்கு வருவது பெரும்பாலும் புள்ளிமான். மலையடிவாரங்களில் கடமானும் இறங்கும். தெற்கே அதை மிளா என்பார்கள். உருவத்தில் பெரியது, இருட்டிய பிறகு வரும். கேளையாடு தனியாகத் திரியும், அதனால் வரும் சேதம் குறைவு. கோடியக்கரை, வல்லநாடு, மாயாற்றுப் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களில் இருக்கும் வெளிமான் உண்மையில் மானினமே அல்ல. அதன் கொம்பு உதிர்ந்து முளைப்பதில்லை. அது திறந்த புல்வெளியில் வாழும் இரலை.

இங்கே நான் எழுதுவதெல்லாம் புள்ளிமானை மனத்தில் வைத்துத்தான். அது கூட்டமாக மேயும். விடியற்காலையும் அந்தி நேரமும் அதற்கு முக்கியமான மேய்ச்சல் நேரங்கள். ஆள் நடமாட்டம் உள்ள ஊரோரத்தில் இரவு முழுக்கவும் மேயும்.

காட்டில் அவ்வளவு புல் இருக்கிறதே, பிறகு ஏன் என் வயலுக்கு வருகிறது?

புல் இருக்கிறது, அந்தப் புல்லில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். மான் அசைபோடும் விலங்கு. அதன் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரைச் செரித்துக் கொடுக்கின்றன. அந்த நுண்ணுயிர்களுக்கு உணவு புரதம். தீவனத்தின் உலர் எடையில் புரதம் ஏறத்தாழ 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அவை சோர்ந்துவிடும்; வயிறு நிறைந்திருந்தாலும் உடம்பில் ஒட்டாது. கோடையில் காய்ந்து நிற்கும் காட்டுப்புல்லில் புரதம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. தளதளவென்று நிற்கும் தட்டைப்பயறு இலையிலோ அது 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். மாடு வளர்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. வெறும் வைக்கோல் தின்ற மாடு பால் கறக்குமா?

காடும் முன்போல் இல்லை. உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் மண்டிய இடத்தில் அடியில் புல் முளைப்பதில்லை. மான் மறைந்து நிற்க நல்ல இடம், மேய ஒன்றும் இல்லாத இடம். அப்படிப்பட்ட புதருக்குப் பக்கத்திலேயே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாயும் பச்சை வயல் இருந்தால் அது எங்கே போகும்? மானின் மேல் எனக்குக் கோபம் வராததற்கு இதுவே காரணம். பசித்த விலங்கு நல்ல சாப்பாட்டைத் தேடி வருகிறது.

எந்தப் பயிரைத் தேடி முதலில் வரும்?

பயறு வகைகளை. தட்டைப்பயறு, கொள்ளு, உளுந்து, பச்சைப்பயறு, அவரை, நிலக்கடலை ஆகியவை வேர் முடிச்சுகளின் மூலம் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து இலையில் புரதமாகச் சேர்த்து வைப்பவை. தீவனப் பயிர்களில் குதிரை மசாலும் வேலிமசாலும் இதே வகை. என் நிலத்தில் கோ-4 என்ற ஒட்டுரகத் தீவனப் புல்லும் வேலிமசாலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மான் புல்லைத் தாண்டிப் போய் வேலிமசாலில் வாய் வைத்த காலைகளே அதிகம்.

அடுத்தது, முளைத்து இரண்டு மூன்று வாரமான எந்தப் பயிரும். மக்காச்சோளம், சோளம், கம்பு, பருத்தி, சூரியகாந்தி என்று எதுவானாலும் இளங்குருத்தில் நார் குறைவு, சத்தும் நீரும் அதிகம். அதே மக்காச்சோளம் இடுப்பளவு வளர்ந்து தண்டு முற்றிய பிறகு மானுக்கு ஆசை குறைந்துவிடும். பால் பிடிக்கும் இளங்கதிருக்காக மறுபடி ஒரு முறை வரும். ஆகவே பயிரின் பெயரோடு அதன் வயதையும் சேர்த்துப் பாருங்கள்.

வயல் முழுக்க ஒரே பயிர்தான். யூரியா போட்ட பாத்தியை மட்டும் மேய்ந்துவிட்டுப் போயிருக்கிறது. இது தற்செயலா?

தற்செயல் அல்ல. தழைச்சத்துக் கிடைத்த பயிரின் இலையில் புரதம் கூடும், இலை மென்மையாகும். மான் அதை வாயில் வைத்தே கண்டுகொள்கிறது. மாட்டைப்போல நாக்கால் சுருட்டி வாரி மேயும் விலங்கு அல்ல அது. ஒடுங்கிய முகம், அசையும் உதடு. ஒரு செடியில் இந்த இலை, அடுத்த செடியில் அந்தக் கொழுந்து என்று பொறுக்கித் தின்னும்.

ஒருநாள் விடியலில் பம்புசெட் அறைக்குள்ளிருந்து பத்தடி தூரத்தில் ஒரு பெண்மானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கடி, இரண்டடி நடை, தலையைத் தூக்கிக் காதைத் திருப்பி ஒரு கவனிப்பு, மறுபடி ஒரு கடி. ஒரே செடியில் நின்று அது எதையும் மொட்டையடிக்கவில்லை. அப்படி முப்பது செடிகளின் கொழுந்து போயிருந்தது. வயலைத் தூரத்திலிருந்து பார்த்தால் சேதம் தெரியாது. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். காட்டை ஒட்டிய நாலைந்து வரிசைகளுக்குக் கடைசியில் போடுங்கள். பிரித்துப் போடுவது பயிருக்கும் நல்லது.

தின்றது மானா, முயலா, பன்றியா? எப்படிக் கண்டுபிடிப்பது?

வெட்டுப்பட்ட நுனியைப் பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழ்ப்பல்லை மேலே உள்ள கெட்டித் தசையில் அழுத்தி இழுத்துக் கிழிக்கும். அதனால் நுனி பிய்ந்து, நார் தொங்கிக்கொண்டிருக்கும். முயலுக்கு மேலும் கீழும் கூரிய பற்கள் உண்டு. கத்தியால் சாய்வாக வெட்டியதுபோலச் சுத்தமாக இருக்கும், அதுவும் முழங்கால் உயரத்துக்குக் கீழேதான். பன்றி மண்ணைக் கிளறிப் போட்டிருக்கும். நிலக்கடலையில் இது நன்றாகத் தெரியும்: இலை போயிருந்தால் மான், காய் போயிருந்தால் பன்றி.

குளம்படியும் உதவும். புள்ளிமானின் தடம் ஆட்டுத் தடத்தைப்போல இரண்டாகப் பிளந்து, முன்பக்கம் கூராக இருக்கும். பன்றித் தடத்தில் பெரும்பாலும் பின்னால் இரண்டு சிறு குளம்புகளும் பதிந்திருக்கும். ஆனால் ஆடு மேய்க்கும் ஊரில் தடத்தை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்.

வருடத்தில் எப்போது அதிகம் வரும்?

காட்டுக்கும் வயலுக்கும் பச்சையில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறதோ அவ்வளவுக்கு வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து காட்டில் புதுப்புல் முளைத்திருக்கும்போது வரத்துக் குறையும். மார்கழி, தையில் காட்டுப்புல் பூத்து முற்றிவிடும். வயலில் உளுந்தும் கொள்ளும் பனியில் நனைந்து நிற்கும். அப்போது கூடும். மாசியிலிருந்து வைகாசி வரை இறவைத் தீவனம் வைத்திருப்பவர்களுக்குத்தான் சோதனை. சுற்றுவட்டாரத்தில் பச்சை என்று கண்ணில் படுவது அவர்கள் நிலம் மட்டுமே.

இன்னொன்றும் உண்டு. தென்னாட்டில் புள்ளிமான் வருடம் முழுக்கக் குட்டி போடும். பால் கொடுக்கும் தாய்க்குத் தேவை மிக அதிகம். கொம்பு முளைக்கும் ஆண்மானுக்கும் அப்படித்தான். எந்த மாதமானாலும் கூட்டத்தில் இப்படிச் சில இருந்துகொண்டே இருக்கும். கவலையற்ற மாதம் என்று ஒன்று கிடைக்காது.

ஒரு மான் எவ்வளவுதான் தின்றுவிடும்?

அசைபோடும் விலங்கு பொதுவாக நாளொன்றுக்குத் தன் எடையில் 2 முதல் 3 சதவீதம் உலர் தீவனம் எடுக்கும். 50 கிலோ பெண்மான் என்றால் 1 முதல் 1.5 கிலோ. பச்சைத் தழையில் ஐந்தில் நான்கு பங்கு நீர் என்பதால் அது 5 முதல் 7.5 கிலோ பச்சைத் தீவனம். பதினைந்து மான் கொண்ட கூட்டம் முழு வயிற்றையும் உங்கள் வயலிலேயே நிரப்பினால் ஒரே இரவில் 75 முதல் 110 கிலோ வரை போகும்.

உண்மையில் எவ்வளவு போகிறது என்று அளக்க எளிய வழி இருக்கிறது. விதைத்த அன்றே வயலில் இரண்டு மூன்று இடங்களில் நான்கு குச்சி நட்டு, ஒரு சதுர மீட்டருக்குக் கோழிவலையைச் சுற்றி விடுங்கள். ஒரு மாதம் கழித்து வலைக்கு உள்ளே ஒரு சதுர மீட்டரும் வெளியே ஒரு சதுர மீட்டரும் அறுத்து எடை போடுங்கள். அந்த வித்தியாசம்தான் விலங்குகள் தின்றது. நான் செய்து பார்த்தபோது காட்டோர வரிசைகளில் இழப்பு நினைத்ததைவிட அதிகமாகவும், நடுவயலில் நினைத்ததைவிட மிகக் குறைவாகவும் இருந்தது. வேலிக்குச் செலவழிக்கும் முன் இந்தக் கணக்கு கையில் இருப்பது நல்லது.

மேய்ந்த பயிர் மறுபடி தழைக்குமா? அழித்துவிட்டு விதைக்கட்டுமா?

அவசரப்பட்டு ஏர் ஓட்டாதீர்கள். மக்காச்சோளத்துக்கு ஏறத்தாழ மூன்று வாரம் வரை வளர்முனை மண்ணுக்கு அடியில் இருக்கும். மேலே இலை போனாலும் கீழிருந்து வந்துவிடும். பயறு வகைகளில் வித்திலைக்கு மேலே ஒரு கணுவாவது மிஞ்சியிருந்தால் பக்கக்கிளை வெடிக்கும். காய்ப்பு சில நாள் தள்ளிப்போகும். கோ-4 போன்ற புல் தூரிலிருந்து தழைக்கும். சூரியகாந்திதான் பாவம். ஒரே தண்டு, ஒரே பூ. நுனிக்குருத்து போனால் அந்தச் செடி போனதுதான்.

தீவனச்சோளத்தில் கவனம் தேவை. மான் மேய்ந்த பிறகு தழைக்கும் இளந்துளிரில் சயனைடு நச்சைத் தரும் பொருள் கூடுதலாக இருக்கும், வறட்சியும் சேர்ந்தால் இன்னும் கூடும். பச்சை தெரிகிறதே என்று அதை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். பூவெடுக்கும் வரை பொறுத்து அறுப்பதுதான் பாதுகாப்பு.

பயிரைத் தின்னவில்லை, மாட்டுத் தொட்டியைத்தான் நக்குகிறது. தண்ணீருக்காகவா?

கோடையில் தண்ணீர் ஒரு காரணம். ஆனால் ஈரமே இல்லாத தொட்டியையும், தொழுவத்து மண்ணையும் நக்கினால் அது உப்புக்காக. பச்சைத் தழையில் சாம்பல்சத்து அதிகம், சோடியம் மிகக் குறைவு. தழை தின்னும் விலங்குகள் எல்லாவற்றுக்கும் உப்புப் பசி உண்டு. காட்டில் உவர்மண் இருக்கும் இடத்துக்கு மான்கள் தேடிப் போய் நக்கும். வனத்துறையும் சில இடங்களில் உப்புக்கட்டி வைப்பதுண்டு.

மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக்கட்டியைத் திறந்த வெளியில் இரவில் தொங்கவிடாதீர்கள். தவிட்டுத் தண்ணீர் மிஞ்சிய தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள். நக்க வந்த மான் பக்கத்திலிருக்கும் தீவனத்தைப் பார்க்காமல் போகாது.

வரப்பில் இருக்கும் மரங்களும் மானை இழுக்குமா?

இழுக்கும். கருவேலங்காய், சீமைக்கருவேலங்காய், புளி, நாவல், ஆல், அத்தி, இலுப்பைப்பூ என்று கீழே உதிர்வது எல்லாம் அதற்கு உணவு. காட்டில் மந்திக் குரங்குகள் மரத்தின் மேலே தின்று உதிர்க்கும் தழையையும் பழத்தையும் பொறுக்கக் கீழே மான் கூட்டம் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

நெல்லிக்காய் என்றால் தனி ஆசை. முழுதாக விழுங்கிவிட்டு, பிறகு அசைபோடும்போது கொட்டையை மட்டும் துப்பிவிடும். என் நிலத்துப் புளியமரத்தடியில் ஒரு தை மாதம் கைப்பிடி கைப்பிடியாக நெல்லிக்கொட்டைகள் கிடந்தன. சுத்தமாக, சதை துளியும் ஒட்டாமல். அரை கிலோமீட்டர் சுற்றளவில் நெல்லிமரம் கிடையாது. இரவு முழுக்க அங்கேயே படுத்து அசைபோட்டிருக்கின்றன என்று அப்போதுதான் தெரிந்தது. காட்டில் நெல்லி பரவுவதும் இப்படித்தான்.

இதற்காக மரத்தை வெட்டச் சொல்லவில்லை. வரப்பு மரத்தின் காய்களைக் கூட்டி அள்ளினால் போதும். கருவேலங்காய் ஆட்டுக்கு நல்ல தீவனம்தானே.

மான் தொடவே தொடாத பயிர் எது?

தொடவே தொடாதது என்று ஒன்றும் இல்லை; கடும் பஞ்சத்தில் எதையும் தின்னும். சாதாரண காலத்தில் அது ஒதுக்குபவை உண்டு. காரமோ நெடியோ உள்ள சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய், மஞ்சள். இலை நச்சுள்ள ஆமணக்கு. கசப்பும் வாடையும் கொண்ட நொச்சி, ஆடாதொடை. எள்ளையும் அவ்வளவாக விரும்புவதில்லை.

இவற்றைக் காட்டோரப் பக்கம் நாலைந்து வரிசையாகப் போடலாம். ஆமணக்கு வரிசை மானைத் தடுத்து நிறுத்தும் வேலி அல்ல. காட்டிலிருந்து வெளியே தலை நீட்டும் மானுக்கு முதலில் கண்ணில் படுவது பிடிக்காத பயிராக இருக்கும், அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்துகொண்ட மான் அதைத் தாண்டி வரும். ஆகவே முதல் முறை வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

பழைய சேலை கட்டினேன், ஒரு வாரம் வரவில்லை. இப்போது சேலைக்குக் கீழேயே நுழைகிறது. என்ன செய்வது?

சேலை, மினுங்கும் நாடா, டப்பா ஒலி, ரேடியோ எல்லாமே புதிது என்ற பயத்தில்தான் வேலை செய்கின்றன. தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சில நாளில் மான் தெரிந்துகொள்ளும். ஆனால் அந்த ஒரு வாரத்துக்கும் மதிப்பு உண்டு. முளைத்த முதல் மூன்று வாரம்தான் ஆபத்தான காலம் என்று மேலே சொன்னேன். சேலையை விதைத்த அன்றே கட்டி வீணாக்காமல் முளை தெரியும் நாளில் கட்டுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். பிறகு கழற்றிவிட்டு வேறொன்றை வையுங்கள்.

வாடை இன்னும் கொஞ்சம் நாள் தாங்கும். அழுகிய முட்டைக் கரைசல் மானுக்கு எதிராக ஓரளவு நம்பத் தகுந்தது. ஊன் அழுகும் அந்தக் கந்தக நெடியை மான் ஊனுண்ணி விலங்கோடு சேர்த்து உணர்கிறது. மழை பெய்தாலும், தெளித்த பிறகு புதுக்கொழுந்து வந்தாலும் மறுபடி தெளிக்க வேண்டும். மாட்டுத் தீவனத்தின் மேல் நேராகத் தெளிக்காதீர்கள், மாடும் தின்னாது. ஓர வரிசைகளிலும் வேலிக்கயிற்றில் கட்டிய துணிகளிலும் போதும்.

வேலி போட்டால் எவ்வளவு உயரம் வேண்டும்?

மானை உறுதியாகத் தடுக்க எட்டடி, அதாவது ஏறத்தாழ 2.4 மீட்டர் வலைக்கம்பி வேலி. ஆனால் உயரத்தைப் பற்றி யோசிப்பவர்கள் அடிப்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். புள்ளிமான் தாண்டுவதற்கு முன் நுழைய வழி பார்க்கும். முள்கம்பியின் கீழ் ஒரு முழம் இடைவெளி இருந்தால் முட்டி மடித்துப் புகுந்துவிடும். கம்பியில் ஒட்டியிருக்கும் செம்பழுப்பு முடியைப் பார்த்தால் தெரியும். வலையின் அடி மண்ணைத் தொட வேண்டும்.

சூரிய மின்வேலி விட்டு விட்டுப் பாயும் அதிர்ச்சியைத் தருவது, உயிரைப் பறிக்காது. இத்தகைய மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு 2023-இல் தனி விதிகளை வெளியிட்டது. போடும் முன் வனச்சரக அலுவலகத்தில் அனுமதியைக் கேளுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியத்தையும் விசாரியுங்கள். மோட்டார் இணைப்பிலிருந்து நேராகக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது கொலைக்குச் சமம். மான் மட்டுமா சாகிறது? இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன விவசாயிகளும், யானைகளும் அதில் செத்திருக்கிறார்கள். அது சட்டப்படியும் குற்றம்.

அமெரிக்காவில் மான் வருவதற்காகவே பயிர் போடுகிறார்களாமே, உண்மையா?

உண்மை. அங்கே வெள்ளைவால் மானை வேட்டையாட உரிமச்சீட்டும் பருவமும் உண்டு. வேட்டைக்காரர்களும் நில உரிமையாளர்களும் காட்டோரத்தில் சிறு சிறு பாத்திகளாகக் குளோவர், தட்டைப்பயறு, சோயா, ஓட்ஸ், டர்னிப் ஆகியவற்றை விதைக்கிறார்கள். மண்ணைச் சோதித்து உரமிடுகிறார்கள். மேலே சொன்ன வலைக்கூண்டு முறையும் அவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். பனி விழுந்த பிறகு டர்னிப் இலையில் இனிப்புக் கூடும், அப்போது மான் அதை நாடும் என்பதுவரை கவனித்து வைத்திருக்கிறார்கள்.

நம் புள்ளிமானும் அங்கே இருக்கிறது. 1868-இல் ஹவாயின் மொலோக்காய் தீவுக்கு மன்னருக்குப் பரிசாகவும், 1932-இல் டெக்ஸஸுக்கும் கொண்டுபோகப்பட்ட மான்களின் வழித்தோன்றல்கள் இன்று பெருகி நிற்கின்றன. ஹவாயில் அவை மேய்ச்சல் நிலத்துக்கும் பயிருக்கும் பெரும் தொல்லை.

அவர்கள் அழைக்கக் கற்றதை நாம் அழைக்காமல் இருக்கப் பயன்படுத்தலாம். சிறிய, நீளமான, புதரை ஒட்டிய பாத்திக்குத்தான் மான் பகலிலும் துணிந்து வரும் என்கிறது அவர்கள் அனுபவம். ஆக, பிடித்த பயிரைப் புதரிலிருந்து விலக்கிப் போடுங்கள். இடையில் பத்துப் பதினைந்து மீட்டர் வெட்ட வெளி இருக்கட்டும். உங்கள் பட்டா நிலத்துக்குள் மண்டிய சீமைக்கருவேலத்தை அகற்றுவதே பாதி வேலி.

அப்படியானால் ஓரத்தில் மானுக்கென்று கொஞ்சம் கொள்ளு போட்டுவிட்டால் உள்ளே வராமல் இருக்குமா?

நல்ல மனத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. பலர் செய்தும் பார்த்திருக்கிறார்கள். நானும் அரைக்கால் ஏக்கர் விதைத்தேன். முதல் வாரம் அங்கேயே மேய்ந்தன. கொள்ளு தீர்ந்த மறுநாள், அந்த இடத்துக்கு வரப் பழகிவிட்ட அதே கூட்டம் அடுத்த பாத்தியில் இறங்கியது. பதினைந்து மானுக்கு இரவுக்கு எவ்வளவு வேண்டும் என்ற கணக்கை மேலே பாருங்கள். ஓரத்து வரிசைகள் எத்தனை நாள் தாங்கும்?

உள்பயிருக்கு வேலி இருந்து, வெளியே விடும் தீவனமும் போதிய பரப்பில் இருந்தால் பலன் உண்டு. வேலி இல்லாமல் செய்தால் அது அழைப்பு. ஊரே சேர்ந்து செய்தால் யோசிக்கலாம், தனி ஒருவர் செய்தால் பக்கத்து நிலத்துக்காரருக்கும் சேர்த்துத் தொல்லை.

காட்டுக்குள்ளேயே புல் விதைத்துவிட்டால் வெளியே வராதல்லவா?

சரியான திசை, ஆனால் நாமே காப்புக்காட்டுக்குள் போய் எதையும் விதைக்கக் கூடாது, சட்டம் அனுமதிக்காது. உண்ணிச்செடி போன்ற அயல் தாவரங்களை அகற்றி இயல்பான காட்டை மீட்பதற்கு 2022-இல் தமிழக அரசு தனிக் கொள்கை வகுத்தது. களை எடுத்த இடத்தில் நம் நாட்டுப் புல் திரும்ப வந்தால் காட்டிலேயே மேய்ச்சல் கிடைக்கும். உங்கள் ஊரை ஒட்டிய காட்டில் அந்த வேலை நடக்க வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு வனத்துறைக்கு அனுப்புங்கள். வேலி கேட்டு மனுக் கொடுக்கும் ஊர்கள் இதையும் கேட்க வேண்டும்.

மான் வாய் வைத்த தீவனத்தை மாட்டுக்குப் போடலாமா?

போடலாம். சோளத் துளிரைப் பற்றி மேலே சொன்னது மட்டும் விதிவிலக்கு. கோமாரி நோய் மாட்டிலிருந்து மானுக்கும் மானிலிருந்து மாட்டுக்கும் தொற்றக் கூடியது. ஆகவே காட்டோரம் மாடு வைத்திருப்பவர்கள் கோமாரித் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். அது மானையும் காக்கும். உண்ணி இருக்கிறதா என்று மாட்டின் காது மடலையும் மடியையும் வாரம் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

இவ்வளவு சேதம் செய்கிறதே, நம் நிலத்துக்குள் வந்ததை அடித்தால் என்ன?

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நிலம் உங்களுடையதாக இருந்தாலும் குற்றம்தான். சுருக்கு வைப்பதும், நாயை ஏவுவதும் அதே கணக்கு. சேதத்தைக் கண்ட அன்றே படம் எடுத்து, பட்டா, சிட்டா, அடங்கல் நகலோடு வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் மனுக் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வருவது பதிவாகாது.

நாய் துரத்தி மான் கிணற்றில் விழுந்துவிட்டது. நாங்களே தூக்கலாமா?

வேண்டாம். வனத்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் சொல்லுங்கள். வரும்வரை கூட்டத்தை விலக்குங்கள். துரத்தப்பட்டு, பிடிபட்டுத் திமிறும் மானுக்குப் பயத்தாலும் அதீத உழைப்பாலும் தசைகள் சிதைந்து, காயமே இல்லாமல் சில மணி நேரத்திலோ சில நாளிலோ உயிர் போய்விடும். வெளியே எடுத்த பிறகு கண்ணைத் துணியால் மூடினால் அடங்கும். படம் எடுக்கத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

மானை இழுக்கும் பயிருக்குப் பக்கத்தில் கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு இருந்தால் முதல் வேலை அந்தச் சுவர்தான். நம் மாவட்டத்தில் இப்படி விழுவது அடிக்கடி நடக்கிறது.

புல் அறுக்கும்போது உள்ளே குட்டி படுத்திருந்தது, தாயைக் காணவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பால் கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது, தொடவும் கூடாது. புள்ளிமான் பிறந்த குட்டியை முதல் சில நாள் அடர்ந்த புல்லில் ஒளித்துவைத்துவிட்டு மேயப் போகும். பால் கொடுக்க மட்டும் திரும்பி வரும். குட்டியும் அசையாமல் கிடக்கும். அது அநாதை அல்ல. காட்டுயிரை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

என் கோ-4 பாத்தியில் ஒருமுறை இப்படி நடந்தது. அரிவாளுக்கு ஒரு முழ தூரத்தில், காதை மடித்து, மூச்சு மட்டும் ஏறி இறங்க, ஈரம் காயாத புள்ளிகளோடு ஒரு குட்டி. சுற்றிலும் இரண்டு பாத்தி புல்லை அப்படியே விட்டுவிட்டு, மாட்டுக்கு அன்று சோளத்தட்டை போட்டேன். நாயை இரண்டு நாள் கட்டிவைத்தேன். மூன்றாம் நாள் காலையில் புல் அமுங்கிய இடம் மட்டும் இருந்தது, அதைச் சுற்றி ஒரு பெரிய குளம்படியும் ஒரு சின்னக் குளம்படியும் காட்டுப் பக்கம் போயிருந்தன. பிறகுதான் அந்தப் புல்லை அறுத்தேன்.